சீட் ஓரத்துல இருக்கிற அந்தத் தையலைப் பத்தி

கார் டெலிவரி எடுத்த அன்னைக்கே கோயில் வாசல்ல பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டு, நேரா சீட் கவர் கடைக்கு வண்டிய விடுற வீடுங்க எனக்குத் தெரிஞ்சே ஏகப்பட்டது இருக்கு. சென்னைன்னா ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, மத்த ஊர்ல அந்தந்த ஊர் கடை. துணி சீட்டு அழுக்காகும், பசங்க ஜூஸ் கொட்டும், நாளைக்கு விக்கும்போது விலை போகாது, எல்லாம் நியாயமான காரணம்தான். ஆனா இப்ப வர்ற கார்கள்ல முன் சீட் ரெண்டுலயும் சாயுற பகுதியோட கதவுப்பக்க ஓரத்துல ஒரு சின்ன துணி டேக் தச்சிருக்கும், ஏர்பேக்னு எழுதியிருக்கும். அந்த டேக்குக்குப் பின்னாடி என்ன இருக்கு, அது மேல தடியா ரெக்சினை இறுக்கி மாட்டினா என்ன ஆகும்னு கேக்குறவங்க ரொம்பக் கம்மி. அதுக்குத்தான் இந்தப் போஸ்ட், கொஞ்சம் நீளமாவே போகும்.

ஒரகடம் பக்கம் காருக்கு சீட் கவர் தைக்கிற ஒரு ஃபேக்டரில குவாலிட்டி செக்‌ஷன்ல கொஞ்ச வருஷம் வேலை பார்த்தேன். கடைல போடுற கவர் இல்ல, கார்லயே கம்பெனில இருந்து வர்ற ஒரிஜினல் கவர். அங்கதான் இந்தத் தையல் எனக்குப் பழக்கம். இப்ப வேற வேலைக்குப் போயிட்டேன், ஆனாலும் யார் கார்ல ஏறினாலும் கை முதல்ல சீட் ஓரத்தைத்தான் தடவுது.

முதல்ல பக்கவாட்டுல அடி விழுந்தா என்ன நடக்குதுன்னு பார்க்கணும். முன்னாடி மோதினா பம்பர், ரேடியேட்டர், இன்ஜின் ரூம்னு நசுங்குறதுக்கு ரெண்டு மூணு அடி இரும்பு இருக்கு, அது நசுங்குற நேரத்துல சென்சார் யோசிச்சு முடிவெடுத்து ஸ்டீயரிங் ஏர்பேக்கை விட்டுடலாம். பக்கத்துல என்ன இருக்கு? ஒரு கதவு. கதவோட வெளித்தகடு, உள்ள ஒரு பீம், கண்ணாடி இறங்குற இடம், அப்புறம் டோர் பேட், அதுக்கப்புறம் உங்க தோள். மொத்தம் ஒரு முழம் கூட வராது, டோர் பேடுக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கிற காலி இடம் பல கார்ல ஒரு சாண் கூட இல்ல. இப்ப கணக்கு போடுங்க. 50 கி.மீ. வேகம்னா செகண்டுக்கு கிட்டத்தட்ட 13.9 மீட்டர், அப்ப ஒரு மில்லிசெகண்டுக்கு 1.4 செ.மீ. பத்து மில்லிசெகண்டுல 14 செ.மீ. போயிடும். அதுக்குள்ள மோதல்தானா இல்ல யாரோ கதவை ஓங்கி சாத்தினாங்களான்னு முடிவு பண்ணி, கேஸ் உண்டாக்கி, பையை வெளிய தள்ளி, கதவுக்கும் விலா எலும்புக்கும் நடுவுல சரியா நிறுத்தணும். முன்பக்க ஏர்பேக்குக்குக் கிடைக்கிற நேரத்துல பாதி கூட இதுக்குக் கிடையாது. அதனால முடிவெடுக்க சுமார் 5 மில்லிசெகண்டு, அப்புறம் பை விரிய இன்னொரு பத்து, அவ்ளோதான்.

இவ்ளோ நெருக்கடில வேலை செய்யுற ஒரு பொருளுக்கு அது எங்க உக்காந்திருக்கு, எது மூடியிருக்கு, எந்த வழியா வெளிய வருதுங்கிறதுதான் பாதி டிசைன். பையும் கேஸும் மீதிப் பாதி. இதை நான் ரொம்ப உறுதியா நம்புறேன், ஏன்னா அந்தப் பாதியைத்தான் நாங்க தச்சோம்.

உலகத்துல முதல் முறையா விக்கிற கார்ல பக்கவாட்டு ஏர்பேக் கொண்டு வந்தது வால்வோ, 850 மாடல்ல, 1994ல. அதுக்கு முன்னாடியே 1991ல அதே 850ல பக்கவாட்டு மோதலோட விசையை கதவு, தூண், தரை, சீட் வழியா கார் முழுக்கப் பிரிச்சு விடுற மாதிரி பாடியை வடிவமைச்சிருந்தாங்க, அது மேலதான் இந்தப் பை வந்துச்சு. எனக்கு அதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், அந்த முதல் சைடு ஏர்பேக்குக்கு கரண்டே கிடையாது. சீட் ஓரத்துலயே ஒரு மெக்கானிக்கல் சென்சார், கதவு உள்ள நசுங்கி வந்து அதை அழுத்தினா சின்னதா ஒரு வெடி வெடிச்சு குழாய் வழியா கேஸ் ஜெனரேட்டர பத்த வைக்கும். சென்சார், கேஸ், பை எல்லாமே சீட்டுக்குள்ள. ஒயர் இல்ல, கம்ப்யூட்டர் இல்ல.

அந்த 90கள்ல வேற சில கம்பெனிங்க பையை கதவுக்குள்ளயே வச்சாங்க. கேக்குறதுக்கு அதுதான் சரின்னு தோணும், அடி விழுற இடம் கதவுதானே. ஆனா ரெண்டு சிக்கல். ஒண்ணு, உயரமானவர் சீட்டைப் பின்னாடி தள்ளி உக்காருவார், குள்ளமானவர் ஸ்டீயரிங்கை ஒட்டி உக்காருவார், கதவுல இருக்கிற பை நகராது, அப்ப எல்லாருக்கும் பத்துற மாதிரி பெரிய பையா செய்யணும், பெரிய பைன்னா நிரம்ப நேரமாகும். ரெண்டாவது, கதவு தினமும் பல தடவை டமார்னு சாத்துற பொருள், மோதும்போது முதல்ல கோணலாகுறதும் அதுதான். சீட்ல வச்சா ஆளோட சேர்ந்து பையும் நகரும், எப்பவும் விலாவுக்கு நேரா நிக்கும், சின்னப் பையே போதும். அதான் இன்னைக்கு பெரும்பாலான கார்ல சீட்லயே வைக்கிறாங்க.

ஆனா சீட்ல வச்சா வேற ஒரு தலைவலி வரும். சீட்டுக்கு மேல உறை இருக்கே.

உள்ள எப்படி இருக்கும்னு சொல்றேன். சாயுற பகுதியோட இரும்பு ஃபிரேம் ஓரத்துல ஒரு சின்ன குழல் மாதிரி இன்ஃப்ளேட்டர், அதாவது பைக்கு கேஸ் கொடுக்கிறது, விரல் தடிமனை விடக் கொஞ்சம் பெருசு, அதுல இருந்து ரெண்டு போல்ட் நீட்டிட்டு இருக்கும், அந்த போல்ட்டாலயே மாட்யூல், அதாவது இன்ஃப்ளேட்டரும் பையும் சேர்ந்த செட் மொத்தமும் ஃபிரேம்ல மாட்டியிருக்கும். அதைச் சுத்தி மடிச்ச நைலான் பை. சில மாடல்ல கடினமான பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வச்சு மூடி போட்டிருப்பாங்க, பல மாடல்ல மெல்லிய துணியால சுத்தி இருக்கும், இழுத்தா கிழியுற மாதிரி ஓட்டை ஓட்டையா போட்ட துணி. மாட்யூல் உக்காருறதுக்கு ஸ்பாஞ்சுல பள்ளம் வெட்டியிருக்கும். அதுக்கு மேலதான் சீட் கவர். பை விரியும்போது கவரோட ஓரத் தையல் பிரிஞ்சு வழி விடணும், அந்தத் தையலைத்தான் நாங்க ஏர்பேக் தையல்னு சொல்லுவோம்.

வெறும் தையல் மட்டும் இருந்தா பத்தாது. கவர் துணி இழுபடும், ஸ்பாஞ்சு அமுங்கும், பை விரியும்போது இதையெல்லாம் இழுத்துட்டு ஊதிப்போகும், தையல் பிரிய நேரமாகும். அதனால கவருக்கு உள்பக்கமா தையலோட ரெண்டு கரைலயும் இழுபடாத ஒரு துணியைச் சேர்த்து தைச்சு, அதோட மறுமுனையை ஃபிரேம்ல கொக்கி போட்டு மாட்டிடுவாங்க. பை அழுத்துற அழுத்தம் முழுசும் அந்தத் துணி வழியா நேரா தையல் மேல வந்து விழும், வேற எங்கயும் சிதறாது. வெளிய இருந்து பார்த்தா இது எதுவுமே தெரியாது, சாதாரண சீட் ஓரம் மாதிரிதான் இருக்கும்.

இந்தத் தையல்ல என்ன விசேஷம்னா, மத்த எல்லாத் தையலுக்கும் இவ்ளோ பலம் இருக்கணும்னு கீழ் லிமிட் மட்டும்தான் இருக்கும், அதுக்கு மேல எவ்ளோ பலமா இருந்தாலும் சந்தோஷம். இதுக்கு மட்டும் மேல் லிமிட்டும் உண்டு. பத்துப் பதினஞ்சு வருஷம் ஆள் ஏறி இறங்கி உரசினாலும் பிரியக்கூடாது, ஏர்பேக் வந்தா ஒரு சில மில்லிசெகண்டுல பிரிஞ்சே ஆகணும். அதனால நூல் வேற, மத்த இடத்து நூலை விட மெல்லிசு. தையல் நெருக்கமும் வேற, ஒரு இஞ்சுக்கு இத்தனை தையல்னா அதுல ஒண்ணு கூடினாலும் பலம் மாறிடும்.

எங்க லைன்ல இந்த ஸ்டேஷன் தனியா இருக்கும், சும்மா யாரும் போய் உக்கார முடியாது. பயிற்சி எடுத்து டெஸ்ட் பாஸ் பண்ணின அக்காங்க மட்டும்தான். உக்காந்ததும் முதல்ல ஐடி கார்டை ஸ்கேன் பண்ணணும், அப்புறம் நூல் கோன், அப்புறம் பாபின், எல்லாத்துக்கும் பார்கோடு. தப்பான நூல் போட்டா மெஷின் ஸ்டார்ட்டே ஆகாது. தைக்கும்போது நூல் இழுவையையும் தையல் எண்ணிக்கையையும் மெஷினே பார்த்துட்டு இருக்கும், ஆரம்பத்துல இருந்து முடிவு வரை எண்ணிக்கை சரியா வந்தாத்தான் லேபிள் பிரிண்ட் ஆகும். நடுவுல நூல் அறுந்தா? பிரிச்சு மறுபடியும் தைக்கலாம்னு தோணும்ல, கூடாது. ஏற்கனவே ஊசி போன ஓட்டை இருக்கு, மறுபடி தைச்சா துணியோட பலம் என்னாகும்னு சொல்ல முடியாது, அதனால அந்தப் பீஸ் நேரா ஸ்கிராப். மத்த தையல்ல பிரிச்சுத் தைக்கிறது தினம் நடக்கும், இதுல கிடையாது. நல்ல லெதர் பீஸ் ஒண்ணு ஸ்கிராப்புக்குப் போகும்போது புதுசா வந்த சூப்பர்வைசருங்க முகம் சுருங்கும், அந்த அக்காங்க ஒரு வார்த்தை பேசாம அடுத்த பீஸை எடுத்துடுவாங்க. ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் சாம்பிள் தைச்சு இழுத்துப் பார்க்கிற மெஷின்ல வச்சு எத்தனை நியூட்டன்ல பிரியுதுன்னு எழுதணும், அது என் வேலை. அந்த ரெக்கார்டை பல வருஷம் பத்திரமா வச்சிருப்பாங்க, நாளைக்கு எங்கயோ ஒரு கார்ல பை சரியா விரியலைன்னா யார் தச்சாங்க, எந்த நூல், எந்த நேரம்னு தேடி எடுக்க.

அதோட முடியல. முழு சீட்டா அசெம்பிள் பண்ணி நிஜமாவே ஏர்பேக்கை வெடிக்க வச்சுப் பார்ப்பாங்க. மைனஸ் 30 டிகிரி பக்கம் உறைய வச்சு ஒரு தடவை, 80 டிகிரிக்கு மேல சூடாக்கி ஒரு தடவை, சாதாரண சூட்டுல ஒரு தடவை. குளிர்ல துணியும் பிளாஸ்டிக்கும் விறைக்கும், கேஸோட அழுத்தம் குறையும், பை மெதுவா வரும். சூட்டுல எல்லாம் வேகமா வரும், ஏதாவது துண்டு பறந்து ஆள் மேல படுதான்னு பார்ப்பாங்க. செகண்டுக்கு ஆயிரக்கணக்கான ஃபிரேம் எடுக்கிற கேமரால அந்த வீடியோவை ஒரு தடவை எங்களுக்குப் போட்டுக் காட்டினாங்க. தையல் நடுவுல ஒரு புள்ளி வெளுக்குது, அங்க இருந்து மேலயும் கீழயும் ஓடிப் பிரியுது, வெள்ளையா பை எட்டிப் பார்க்குது. தச்ச அக்காங்க எல்லாரும் கை தட்டினாங்க.

இப்ப கடைல போடுற கவருக்கு வருவோம். பக்கெட் ஃபிட்னு ஒண்ணு போடுறாங்க இல்லையா, ஒரிஜினல் கவருக்கு மேலயே ரெக்சினோ ஆர்ட் லெதரோ, உள்ள கொஞ்சம் ஸ்பாஞ்சு வச்சு, சீட்டை முழுசா சுத்தி பின்னாடி இறுக்கிக் கட்டுறது. பார்க்க சூப்பரா இருக்கும், மறுக்கல. அதோட ஓரத் தையலு எப்படி இருக்கும்? நல்ல கனமான நூல்ல, சில கடைல ரெட்டைத் தையல், பைப்பிங் வச்சு. பிரியவே கூடாதுன்னு தைச்சது. அதைத் தைக்கிறவர் மேல தப்பு சொல்ல முடியாது, அவர் தொழில்ல பிரியாத தையல்தான் நல்ல தையல். ஆனா அந்த இடத்துல மட்டும் அது கதவைப் பூட்டுறதுதான். உள்ள ஒரிஜினல் தையல் தன் வேலையைச் செஞ்சு பிரிஞ்சிடும், பை வெளிய வந்து ரெக்சின்ல முட்டும். பத்து மில்லிசெகண்டுல நடக்க வேண்டிய வேலை, அதுல மூணு நாலு மில்லிசெகண்டு தடுத்து நிறுத்தினாலே கதவு அஞ்சு செ.மீ. உள்ள வந்துடும். அப்புறம் பை எந்தப் பக்கம் இளக்கமா இருக்கோ அந்தப் பக்கம் போகும், அது விலாவுக்கும் கதவுக்கும் நடுவுலதான் இருக்கும்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. முதுகுக்குப் பின்னாடி ஊதி ஆளை முன்னாடி தள்ளவும் செய்யலாம்.

கடைல கேட்டா, "சார், எல்லாரும் போடுறாங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லுவாங்க. சில பேர் ஏர்பேக் கம்பாட்டிபிள்னு ஸ்டிக்கர் ஒட்டின கவரைக் காட்டுவாங்க. அதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு அந்த ஓரத்தை மட்டும் திறந்தே விட்டுத் தைச்சிருப்பாங்க, ஏர்பேக் டேக் வெளிய தெரியும், பை வர்ற வழி மேல துணியே இருக்காது. அது பரவாயில்ல, ஆனா சுத்தி இறுக்குற பட்டி எதுவும் அந்த வழியைக் குறுக்க கடக்குதான்னு பார்த்துக்கணும். இன்னொண்ணு, ஓரத்தையும் மூடி, அங்க மட்டும் மெல்லிய நூல் போட்டிருக்கோம்னு சொல்றது. அவங்க அதை அந்த கார் சீட்ல, அந்த ஏர்பேக்கோட வெடிச்சுப் பார்த்தாங்களா? மேல சொன்ன கெடுபிடி எல்லாம் தாண்டி வர்ற தையலைக் கூடப் பல தடவை வெடிச்சுப் பார்த்துத்தான் காருக்கு அனுப்புறாங்க, அதனால வெறும் வாய் வார்த்தையை நான் ஏத்துக்க மாட்டேன். போடணும்னா அந்த கார் கம்பெனியோட ஒரிஜினல் ஆக்சசரில, இந்த மாடலுக்கு இந்த வேரியண்ட்டுக்குன்னு எழுத்துல கொடுக்கிற கவரை மட்டும் போடுங்க. சைடு ஏர்பேக் இருக்கிற எந்தக் காரோட மேனுவலை எடுத்தாலும் இந்த எச்சரிக்கை இருக்கும், டேஷ்போர்டு டப்பால தூங்குற அந்தப் புக்கை ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க.

சரி, விலாவைக் காப்பாத்தினாச்சு, தலை? சைடு மோதல்ல ஆள் சாகுறதுக்குப் பெரிய காரணம் தலை அடிதான். கண்ணாடி உடைஞ்ச அப்புறம் தலைக்கும் வெளிய இருக்கிற மரத்துக்கோ, லைட் கம்பத்துக்கோ, மோதின லாரியோட முகப்புக்கோ நடுவுல எதுவுமே இல்ல. இதுக்கு முதல்ல வந்த யோசனை பிஎம்டபிள்யூவோடது, 1997ல. கூரை ஓரத்துல ஒரு நீளமான குழாய் மாதிரி பையை மடிச்சு வச்சிருந்தாங்க, காத்து நிரம்பினதும் அது தடிச்சு, நீளம் குறைஞ்சு, முன் தூண்ல இருந்து பின்னாடி வரைக்கும் குறுக்கா விறைச்சு நிக்கும். நல்ல மூளை. ஆனா பின் சீட்டையும் சேர்த்து மறைக்கிறதுக்கு 1998ல வால்வோ எஸ்80ல வந்த, ஜன்னல் மேல திரை மாதிரி இறங்குற கர்ட்டன் ஏர்பேக்தான் ஜெயிச்சுது, அதே வருஷம் மெர்சிடிஸும் கொண்டு வந்துச்சு. இன்னைக்கு ஆறு ஏர்பேக்னு சொல்றதுல முன்னாடி ரெண்டு, சீட்ல ரெண்டு, மீதி ரெண்டு இந்த கர்ட்டன்தான்.

கர்ட்டன் இருக்கிற இடம் கதவுக்கு மேல கூரை ஓரம், ரூஃப் லைனிங்குக்குப் பின்னாடி. நீளமா சுருட்டி வச்சிருப்பாங்க, எந்தப் பக்கமா சுருட்டுறாங்கங்கிறது கூட முக்கியம், கண்ணாடியை ஒட்டியே உருண்டு இறங்குற மாதிரி சுருட்டணும், இல்லைன்னா ஏற்கனவே கண்ணாடில சாஞ்சு தூங்குறவங்க தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இறங்காம, தலை மேலயே வந்து விழும். நடுத் தூணுக்கு மேல ஒரு சரிவான பிளாஸ்டிக் பிராக்கெட் இருக்கும், இறங்கி வர்ற பை தூணோட டிரிம்ல சிக்காம தாண்டி வர்றதுக்கு. பார்க்க ஒண்ணுமே இல்லாத அஞ்சு ரூபா பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், அது இல்லைன்னா கர்ட்டன் பாதில மாட்டிக்கும்.

கர்ட்டனுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. சீட் ஏர்பேக் வேலை முடிஞ்சதும் காத்தை விட்டுடலாம், கர்ட்டன் அப்படி விட முடியாது, வண்டி உருண்டா ஆறு ஏழு செகண்டு உருளும், அதுவரைக்கும் ஆள் ஜன்னல் வழியா வெளிய விழாம பிடிச்சு நிக்கணும். அமெரிக்கால இதுக்கு 2011ல தனியா சட்டமே போட்டாங்க, 18 கிலோ தலை பொம்மையை பை விரிஞ்சு 6 செகண்டு கழிச்சும் ஜன்னல் பக்கம் எறிஞ்சு பார்ப்பாங்க, ஜன்னல் கோட்டைத் தாண்டி 100 மி.மீ.க்கு மேல போகக்கூடாது. அதனால கர்ட்டன்ல பெரும்பாலும் சிலிண்டர்ல அடைச்ச ஆர்கான், ஹீலியம் மாதிரி கேஸ், சூடான புகைன்னா ஆறினதும் சுருங்கிடும். துணியும் ரெண்டு துண்டா தைக்காம ஒரே நெசவுல ரெண்டு அடுக்கா நெய்து, எங்க ஒட்டணுமோ அங்க மட்டும் ரெண்டு அடுக்கும் ஒண்ணா பின்னி, மேல சிலிக்கான் பூசுறாங்க. இதை நெய்யுறது ஜக்கார்டு தறி, காஞ்சிபுரத்துல சேலை முந்தானைல மயிலும் அன்னமும் போடுற அதே ஜக்கார்டு முறைதான், பூ வர்ற இடத்துல இங்க காத்து அறை வரும். இதைத் தெரிஞ்சுகிட்ட அன்னைக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

இந்த கர்ட்டன் வழியையும் நாம அடைச்சுட்டுத்தான் இருக்கோம். டேஷ்கேம் போடும்போது ஒயரை முன் தூண் டிரிம்முக்குள்ள சொருகுறாங்க, கர்ட்டனுக்கு முன்னாடி போனா அது விரியும்போது ஒயரையும் இழுத்துட்டு வரும், டிரிம்மும் சரியா திறக்காது. பையோட பின்பக்கமா, பாடியை ஒட்டி ஒயரை விட்டு கிளிப் போடணும், டிரிம் கழட்டினா அதோட கிளிப் ஒருதடவை பயன்படுத்துறதா இருந்தா புதுசு மாத்தணும். பின்னாடி கைப்பிடி பக்கத்துல சட்டை மாட்டுற கொக்கில கம்பி ஹேங்கர் மாட்டாதீங்க, சட்டையை மட்டும் மாட்டுங்க, கர்ட்டன் வந்தா அந்த ஹேங்கர் யார் மூஞ்சிக்குப் போகும்னு தெரியாது. வெயிலுக்கு ஜன்னல்ல மாட்டுற சன் ஷேட்ல கம்பி, ராடு வச்சது வேண்டாம்.

கதவுக்குள்ளயும் ஒரு விஷயம் இருக்கு. இப்ப பல கார்ல சைடு மோதலை முதல்ல கண்டுபிடிக்கிறது கதவுக்குள்ள இருக்கிற பிரஷர் சென்சார். வெளித்தகடு உள்ள நசுங்கினதும் கதவுக்குள்ள இருக்கிற காத்து அமுங்கும், அந்த அழுத்தம் ஏறுறதை வச்சு அது சிக்னல் கொடுக்கும், நடுத் தூண்ல இருக்கிற இன்னொரு சென்சாரும் ஆமான்னு சொன்னாத்தான் பை விரியும். அதனால கதவை ஓங்கி சாத்தினா விரியுறதில்ல. ஆனா பெரிய ஸ்பீக்கர் போடுறேன்னு உள்தகட்டை வெட்டி ஓட்டை பெருசாக்கினா, உள்ள ஒட்டியிருக்கிற சீலிங் ஷீட்டைக் கிழிச்சு அப்படியே விட்டா, காத்து அமுங்குற விதமே மாறிடும். மியூசிக் சிஸ்டம் போடுறவங்க இதைக் கட்டாயம் தெரிஞ்சு வச்சிருக்கணும், கதவுக்குள்ள கை வைக்கிறதுக்கு முன்னாடி உங்க கார்ல அந்த சென்சார் எங்க இருக்குன்னு சர்வீஸ் சென்டர்ல கேட்டுட்டு வைங்க.

இதெல்லாம் எவ்ளோ பிரயோஜனம்னு கேட்டா, அமெரிக்கால இன்சூரன்ஸ் கம்பெனிங்க பணத்துல நடக்குற ரோடு சேஃப்டி ஆராய்ச்சி அமைப்பான ஐஐஎச்எஸ் நிஜ விபத்துகளை வச்சுப் பார்த்த கணக்கு இருக்கு. டிரைவர் பக்கம் மோதின விபத்துகள்ல தலையையும் காப்பாத்துற சைடு ஏர்பேக் இருந்தா டிரைவர் சாகுற ஆபத்து கார்ல 37 சதவீதம், எஸ்யூவில 52 சதவீதம் குறையுது. உடம்பை மட்டும் காப்பாத்துற பை இருந்தா 26, 30 சதவீதம். அந்த இடைவெளியைப் பாருங்க, கர்ட்டன் எவ்ளோ உயிரைப் பிடிச்சு நிறுத்துதுன்னு புரியும்.

நம்ம நாட்டுல டிரைவர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலைலதான், பக்கத்து சீட்டுக்கும் எல்லா கார்லயும் கட்டாயமாக 2021 கடைசி ஆச்சு. 2022 ஜனவரில மத்திய அரசு ஒரு டிராஃப்ட் போட்டுச்சு, அந்த வருஷம் அக்டோபர்ல இருந்து ரெண்டு சைடு, ரெண்டு கர்ட்டன் கட்டாயம்னு. அப்புறம் அதை 2023 அக்டோபருக்குத் தள்ளினாங்க, 2023 செப்டம்பர்ல அமைச்சர் நிதின் கட்கரியே கட்டாயமாக்கப் போறதில்லன்னு சொல்லிட்டார். எனக்கு இன்னமும் அதுல வருத்தம் உண்டு. ஆனா அதே 2023 அக்டோபர்ல காரை மோதிப் பார்த்து ஸ்டார் கொடுக்கிற பாரத் என்கேப் ஆரம்பிச்சுது, அதுல 50 கி.மீ.ல சைடு மோதல், நல்ல ஸ்டார் வேணும்னா 29 கி.மீ.ல கம்பத்துல பக்கவாட்டா மோதுற டெஸ்ட்டும் தாண்டணும், கர்ட்டன் இல்லாம அந்தக் கம்பத்தை ஜெயிக்க முடியாது. ஸ்டாரைப் பார்த்து மக்கள் வாங்க ஆரம்பிச்சதும் கம்பெனிங்களும் மாறினாங்க. ஹூண்டாய் 2023 அக்டோபர்லயே எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக்னு அறிவிச்சுது, மாருதி 2025 மே மாசத்துல ஆல்டோ கே10, வேகன்ஆர், செலேரியோ, ஈக்கோ வரைக்கும் ஆறு ஏர்பேக் கொண்டு வந்துச்சு. முதல் கார் வாங்குற குடும்பத்துக்கும் இப்ப அந்த டேக் வச்ச சீட் கிடைக்குது. அவங்கதான் அதிகமா கவரும் போடுறாங்க, அதனாலதான் எனக்கு இந்த அவசரம்.

பழைய கார் வாங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். சீட்டுக்கு அடில மஞ்சக் கலர் கனெக்டர் இருக்கும், ஏர்பேக் ஒயர்னா மஞ்சள்தான். 2015லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் அப்பவும் சென்னைல தண்ணில நின்ன கார்கள்ல அந்த கனெக்டரும், நடுவுல கியர் பக்கம் தரைக்குக் கிட்ட இருக்கிற ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டும் முதல்ல நனையும். டார்ச் அடிச்சு அந்த மஞ்சள் கனெக்டர்ல பச்சை பூத்திருக்கா, சீட் ரயில்ல துரு இருக்கான்னு பாருங்க. கையால இழுக்காதீங்க, மல்டிமீட்டர் வச்சு அளக்கவே அளக்காதீங்க, ரொம்பச் சின்ன கரண்ட்டே அதுக்குப் போதும். சாவி போட்டதும் ஏர்பேக் லைட் எரிஞ்சு சில செகண்டுல அணையணும். எரியவே இல்லைன்னாலும் சந்தேகம்தான், பல்பைக் கழட்டியிருக்கலாம். அணையாம எரிஞ்சா ஸ்கேனர் போட்டுப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ஏற்கனவே சைடு ஏர்பேக் விரிஞ்ச கார்னா சீட் கவரைத் தொட்டுப் பாருங்க, டிங்கர் கடைல ஓரத்தைச் சாதாரண நூல்ல சேர்த்துத் தைச்சிருந்தா கலரும் நெருக்கமும் மறுபக்க சீட்டோட ஒத்துப் போகாது, அப்படி இருந்தா உள்ள மாட்யூலே இல்லாம இருக்கவும் வாய்ப்பு இருக்கு. ரெண்டு சீட் ஓரத்தையும் பக்கத்துல பக்கத்துல ஃபோட்டோ எடுத்து பெருசு பண்ணிப் பார்த்தாலே தெரிஞ்சிடும், சந்தேகமா இருந்தா கமென்ட்ல போடுங்க, பார்த்துச் சொல்றேன்.